கொழும்பில் சைக்கிள் உழக்க வருகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து குடியேறிய பெண்களைக் கண்டால் நான் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "ஊரில் சைக்கிள் ஓடினீங்களா?" கேட்டதும் முகம் மலரும். பள்ளிக்கூடத்துக்கு, ரியூசனுக்கு, கோவிலுக்கு, தங்கச்சியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு என்று கதை நீளும். "இங்கே?" என்றால் கையை விரிப்பார்கள். வெள்ளவத்தைக்கு வந்த கிழமையே சைக்கிளை விட்டவர்கள்தான் அநேகம். நானும் ஒன்பது வருடம் அப்படித்தான் இருந்தேன். அவர்களையும், கொழும்பிலேயே பிறந்து வீதியில் ஒருநாளும் சைக்கிள் ஏறாத இளையவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஓடத் தெரியாமல் இல்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் ஒரு குடாநாடே சைக்கிளில்தான் நகர்ந்தது. அரிசி மூட்டை, விறகு, நோயாளி, எல்லாம் சைக்கிளில். கரண்ட் இல்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, எங்கள் வீட்டில் எடுக்க முடிந்ததெல்லாம் அப்பாவின் ரலி சைக்கிளில்தான் தொங்கியது. அந்தச் சைக்கிள்களை உழக்கியவர்களின் பிள்ளைகள் இன்று ஒரு கிலோமீற்றர் தூரத்து ரியூசனுக்கு ஓட்டோவில் போகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே கவலை.

2022 நினைவிருக்கும். அந்த ஜூன் 28இலிருந்து இரண்டு கிழமைக்கு அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கொழும்பே சைக்கிள் தேடியது, விலையும் ஏறியது. கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டு அளவில் பெற்றோல் எடுக்கிற முறை வந்து, பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் வாங்கிய சைக்கிள்கள் பல்கனிக்குப் போயின. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் வெயில் என்று சிலர் சொல்வார்கள், கூடப்பேர் சொல்வது பயம். அந்தப் பயம் நியாயமானது. இந்த நாட்டில் வருடந்தோறும் 2,000க்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் இறக்கிறார்கள். ஓடுகிற ஆட்கள் அந்தச் சில மாதங்களில் கூடினார்கள், வீதியில் ஒன்றும் மாறவில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் இரண்டு வேலை இருக்கிறது. ஓடப் பழகுவது ஒன்று, ஓடுவதற்கு வீதியைக் கேட்பது மற்றது. இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைக்காது.

முதலில் சைக்கிள்

புதிதாக வாங்க அவசரப்படாதீர்கள். வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஒரு பழைய லுமாலாச் சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கும். அதைக் கழுவி, ரயர், ரியூப், பிறேக் கட்டை, செயின் நான்கையும் பார்த்தால் பெரும்பாலும் ஓடக்கூடிய நிலைக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் புறக்கோட்டைப் பக்கம் டாம் வீதிக்குப் போங்கள். சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு கடையில் விலை கேட்டு இன்னொன்றில் வாங்கலாம். சீற்றில் இருந்தபடி கால்விரல்களை நிலத்தில் ஊன்ற முடியாத சைக்கிளை, எவ்வளவு மலிவென்றாலும், வாங்க வேண்டாம்.

கியருக்குக் காசு கொட்டத் தேவையில்லை. கொழும்பு தட்டையான ஊர். மட்காட், செயின் கவர், கரியர், மணி இந்த நான்கும் கியரைவிட உதவும். துப்பட்டாவோ சேலையோ அணிகிறவர்கள் பின் சில்லுக்கு வலை போட்ட லேடீஸ் சைக்கிள் எடுப்பது நல்லது. துப்பட்டாவை முன்னே முடிந்துகொள்ளுங்கள். தலைக்கவசம் வாங்குங்கள். முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற் இரண்டும் வேண்டும். இங்கே வருடம் முழுக்க மாலை ஆறு, ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், வேலை முடிந்து வருகிற எல்லாருக்கும் இருட்டில் ஓட வேண்டிவரும்.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் உப்புக் காற்றை மறக்கக் கூடாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் பல்கனியில் நிற்கிற சைக்கிளின் செயின் கொஞ்ச நாளிலேயே சிவந்துவிடும். கிழமைக்கொருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்குச் சைக்கிள் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது பிசினாகி மண்ணைப் பிடிக்கும். பூட்டைப் பின்சில்லையும் சட்டத்தையும் சேர்த்து, நிலத்தில் ஊன்றிய கம்பியோடு போட வேண்டும். சட்டத்தில் பொறித்த இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கள். களவு போனால் பொலிசில் காட்ட அதுதான் இருக்கும்.

உங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிற ஒருவரைக் கண்டுபிடித்து அறிமுகமாகிக்கொள்ளுங்கள். சிங்களம் பேசுகிறவராக இருந்தால் "ஹுலங் கஹன்ன புளுவன்த?" என்று கேட்டால் காற்று அடித்துத் தருவார். என்னுடைய சைக்கிளைப் பார்க்கிற ஐயா முதல்நாள், "நங்கி, பிறேக் இல்லாமலா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று அரைத் தமிழில் ஏசினார். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அவரிடம் காட்டாமல் விடுவதில்லை.

மூன்று ஞாயிறு

பழக்கம் விட்டுப்போனவர்கள் திங்கட்கிழமை காலையில் காலி வீதியில் இறங்கக் கூடாது. ஞாயிறு விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கள். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் அந்த நேரம் வாகனம் குறைவு. பத்தரமுல்லைப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தியத உயனச் சூழல் இருக்கிறது. நடக்கிறவர்களும் ஓடுகிறவர்களும் நிறைய வருவதால் நடைபாதையை அவர்களுக்கு விட்டு வீதி ஓரமாகப் பழகுங்கள்.

மூன்று விடயம் பழக வேண்டும். நேரே ஓடிக்கொண்டே வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்ப்பது முதலாவது. அப்படிப் பார்க்கும்போது சைக்கிள் வலப்பக்கம் இழுக்கும், இழுக்காமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அடுத்தது, ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவது. கடைசியாக இரண்டு பிறேக்கையும் சேர்த்துப் பிடித்துச் சறுக்காமல் நிற்பது. மூன்று ஞாயிறு போதும். உடம்பு பழையதை மறக்கவில்லை என்பது இரண்டாம் ஞாயிறே தெரிந்துவிடும்.

பாதையைப் படிப்பது

சைக்கிளுக்குப் பாதை தேடும்போது பஸ் பாதையை மறந்துவிடுங்கள். பஸ்ஸில் போய்ப் பழகியவர்களுக்குக் கொழும்பு என்றால் காலி வீதி, ஹைலெவல் வீதி, பேஸ்லைன் வீதிதான். சைக்கிளுக்கு இவை கடைசித் தெரிவு. ஒழுங்கைகளும் உள்வீதிகளும்தான் எங்கள் பாதை. நான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டிலிருந்து வேலையிடம் வரை நடந்தே போய்ப் பாதையைப் படித்தேன். எந்த ஒழுங்கை முட்டுச்சந்து, எங்கே நாய்கள் கூட்டமாக நிற்கும், எந்த வடிகால் மூடியில் இடைவெளி பெரிது, மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் போன் வரைபடத்தில் வராது.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு மரைன் டிரைவ் இருக்கிறது. காலி வீதிக்குச் சமாந்தரமாக, ரயில் பாதையும் கடலும் ஒரு பக்கமாக, கொள்ளுப்பிட்டி வரை போகும். அங்கிருந்து காலி வீதிக்கு ஏறிக் காலிமுகத்திடலைத் தாண்டினால் கோட்டை. எல்லாமாக எட்டுக் கிலோமீற்றர் அளவு, நிதானமாக உழக்கினால் அரை மணித்தியாலம். மரைன் டிரைவில் கவனிக்க வேண்டியது, ஓரத்தில் நிறுத்திய கார்களின் கதவு. ஒரு கதவு திறக்கிற அகலத்தை விட்டு ஓடுங்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, காலையில் காற்று முதுகில் தள்ளும், பின்னேரம் முகத்தில் அடிக்கும். வரும்போது பத்து நிமிடம் கூட எடுக்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டால் சலிப்பு வராது. ஒக்டோபர், நவம்பரில் இடிமழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். மின்னல் இருந்தால் ஒதுங்கி நில்லுங்கள், வீட்டுக்கு அரை மணி பிந்திப் போனால் ஒன்றும் ஆகாது.

நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடைப் பக்கம் போகிறவர்கள் களனிவெளி ரயில் பாதையைக் கடக்க வேண்டிவரும். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சில்லு இடுக்கில் மாட்டும், மழையில் அந்த இரும்பு சறுக்கும். பின்னால் பார்த்துவிட்டு, தண்டவாளத்துக்குச் செங்குத்தாக வருகிற மாதிரிச் சைக்கிளைத் திருப்பிக் கடவுங்கள். பயமென்றால் இறங்கித் தள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிக்காரர்களுக்குப் புறக்கோட்டை பத்து நிமிடத் தூரம். ஆனால் லொறிகள் இறக்குகிற நேரத்தில் பிரதான வீதியிலோ செட்டியார் தெருவிலோ ஓட இடம் இருக்காது. கைவண்டி இழுக்கிற நாட்டாமிமாருக்கு முன்னுரிமை கொடுத்து, இறங்கித் தள்ளிப் போவதே முறை. அவர்கள் பாரத்தோடு வருகிறார்கள், நினைத்த இடத்தில் நிற்க முடியாது.

வீதியில் ஓடும்போது

இடதுபுறம் ஓட வேண்டும், ஆனால் வடிகாலோடு ஒட்டி ஓடக் கூடாது. ஓரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் விட்டு, நேர்கோட்டில் போங்கள். ஓரத்தோடு ஒட்டினால் பின்னால் வருகிறவர் இடம் இருக்கிறது என்று நெருக்கிக்கொண்டு வருவார், உங்களுக்கு ஒதுங்க இடமும் இருக்காது.

பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். கொழும்பில் பஸ் நிற்கும் முன்பே மிதிபலகையிலிருந்து ஆள் குதிப்பார். பஸ் நின்றால் பின்னால் நில்லுங்கள், அல்லது பின்னால் பார்த்துவிட்டு வலப்பக்கமாகத் தாண்டுங்கள். ஓட்டோ, ஆள் கைகாட்டினால் உடனே இடப்பக்கம் வெட்டும். ஆகவே ஓட்டோவை மட்டும் பார்க்காமல் நடைபாதையில் கை தூக்குகிற ஆளையும் பாருங்கள். காலி வீதியிலும் டூப்ளிகேஷன் வீதியிலும் ஒருவழிப் பகுதிகள் இருக்கின்றன. கொஞ்சத் தூரம்தானே என்று எதிர்த்திசையில் போகாதீர்கள். பாதசாரிக் கடவையில் ஆள் இறங்கினால் நில்லுங்கள்.

விழுந்தால், அடிபட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிசுக்கு 119. வாகன இலக்கத்தைப் படம் எடுக்காமல் எழும்பிப் போய்விடாதீர்கள். வெட்கத்தில் "ஒன்றுமில்லை" என்று சொல்லி வந்து, இரவில் கை வீங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

ஏற்கெனவே ஓடுகிறவர்கள்

சைக்கிள் இயக்கம் என்று பேசத் தொடங்குகிறவர்கள் ஒரு காரியத்தை முதலில் செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரு வேலைநாள் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை உங்கள் சந்தியில் நின்று, சைக்கிளில் போகிறவர்களை எண்ணுங்கள். கொப்பியில் கோடு போட்டால் போதும். இரவு வேலை முடிந்து வீடு போகிற பாதுகாப்பு ஊழியர், கரியரில் கரண்டிச் சாக்கோடு மேசன், மீன்பெட்டிக்காரர், பத்திரிகை போடுகிறவர், பலகைப் பெட்டியில் லொத்தர் சீட்டு விற்கிறவர். இவர்கள்தான் இந்த நகரத்தின் சைக்கிள்காரர்கள். தலைக்கவசமும் மினுங்குகிற உடையும் அணிந்து ஞாயிற்றுக்கிழமை வருகிற எங்களைப்போல் பத்து மடங்கு தூரம் இவர்கள் ஓடுகிறார்கள். கூட்டங்களுக்கு இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

ஆகவே ஐந்தாறு பேர் சேர்ந்தால் முதலில் இவர்களிடம் போய்க் கதையுங்கள். எந்த இடத்தில் விழுந்தீர்கள், எந்தச் சந்தியில் பயம், சைக்கிளை எங்கே விடுகிறீர்கள்? இந்த மூன்று கேள்வி போதும். எங்கள் பக்கத்து லொத்தர்காரர் ஒருவர் சொன்ன பதில் எனக்குத் தோன்றியே இராது. அவருக்குப் பாதை வேண்டும் என்ற எண்ணமே இல்லை. நிறுத்த நிழலான இடம் ஒன்று வேண்டும் என்றார், வெயிலில் விட்டால் ரியூப் ஒட்டுகள் விட்டுப்போகின்றன. நானும் ஒருமுறை ஓர் அலுவலக வாசலில் கம்பியோடு சைக்கிளைப் பூட்டி, வெளியே வந்தபோது "கார் மட்டும்தான் விடலாம்" என்று ஏச்சு வாங்கியவள். அன்று எனக்கு வந்த கோபம் அவருக்குத் தினசரி வாழ்க்கை.

சேர்ந்து ஓடுவதும் முக்கியம், விசேடமாகப் பெண்களுக்கு. தனியாக ஓடும்போது "அக்கா, ஓட்டோ வேணுமா?" என்பதிலிருந்து அதைவிட மோசமானது வரை காதில் விழும். நான்கு பேராகப் போனால் அது கணிசமாகக் குறைகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்து, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சந்தியுங்கள். வேகம் கடைசி ஆளின் வேகம். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவர். செய்தியை மூன்று மொழியிலும் அனுப்புங்கள், தமிழில் மட்டும் அனுப்பினால் நாங்கள் மட்டும்தான் வருவோம். முப்பது, நாற்பது பேர் சேர்கிற நிலை வந்தால் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேட்பது எப்படி

முதல் கேள்வி, இந்த வீதி யாருடையது? கொழும்பு மாநகர சபையா, வீதி அபிவிருத்தி அதிகார சபையா? வெள்ளவத்தையிலிருந்து தெற்கே தெஹிவளைக்குள் போய்விட்டால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. நுகேகொடை, நாவலைப் பக்கம் என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை மாநகர சபை. கடிதம் தவறான கந்தோருக்குப் போனால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் உறுப்பினர்களே இருக்கவில்லை. 2025 மே தேர்தலுக்குப் பிறகு இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்து உறுப்பினர் யார் என்று கண்டுபிடித்து, நேரில் போய்க் கதையுங்கள்.

கேட்பது சின்னதாக இருக்கட்டும். வடிகால் மூடியின் கம்பிகள் ஓடுகிற திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சில்லு உள்ளே இறங்கும், அதைக் குறுக்காகத் திருப்பிப் போடச் சொல்லிக் கேளுங்கள். சந்தை வாசலில் நான்கு கம்பி வளைத்து நிறுத்துமிடம் கேளுங்கள். எரியாத வீதிவிளக்கின் கம்ப இலக்கத்தைக் குறித்துக் கொடுங்கள். சைக்கிள் பாதை பெரிய கோரிக்கை, அதுவும் வேண்டும்தான். ஆனால் வெறும் வெள்ளைக் கோடு போட்டால் அடுத்த நாளே அதில் கார் நிற்கும். கேட்பதென்றால் வாகனம் ஏற முடியாத தடுப்போடு கேளுங்கள். ஒரு வீதியை ஞாயிறு காலை மட்டும் வாகனமில்லாமல் விடச் சொல்லியும் கேட்கலாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1974இலிருந்து அப்படிச் செய்துவருகிறார்கள், இன்று அங்கே ஞாயிறுகளில் நூறு கிலோமீற்றருக்கு மேல் வீதி மக்களுக்கு. இங்கே நடக்காது என்று சொல்கிறவர்களிடம் நான் ஆடிவேலைச் சொல்வேன். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வருகிற நாளில் காலி வீதி வழிவிட்டு நிற்கிறதுதானே.

கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். மேல் மாகாணத்திலும் அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொண்டு, தமிழில் பதில் பெறுகிற உரிமையை அரசியலமைப்பு தருகிறது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இடம், திகதியோடு படம், என்ன செய்ய வேண்டும் என்பது, பத்துப் பேரின் கையொப்பம். அதில் மேசனும் லொத்தர்காரரும் இருக்கட்டும். நேரில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் போடுங்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதிலாக வசனம் வரும். ஆவணம் கேளுங்கள்: இந்த வீதிக்குக் கடந்த வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் செலவிட்டது எவ்வளவு, இன்ன திகதியில் நாங்கள் கொடுத்த கடிதத்தில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி. மூன்றாவது கேள்விக்கு நல்ல பலம் உண்டு. குறிப்பு ஒன்றும் எழுதப்படாமல் கிடந்த கடிதம் அந்தக் கேள்விக்குப் பிறகு மேசைக்கு வரும்.

ஜூன் 3 உலக சைக்கிள் தினம், ஐக்கிய நாடுகள் சபை 2018இல் அறிவித்தது. அன்று ஊர்வலம் போவது நல்லதுதான். ஆனால் வருடத்தின் முழு உழைப்பையும் ஒரு நாள் படத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்: எண்ணிக்கைக் கொப்பி, படங்கள், முத்திரை வைத்த பிரதிகள், தபால் பற்றுச்சீட்டு. வேலை மாறி ஒருவர் போனால் அடுத்தவர் அங்கிருந்து தொடங்கலாம். எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த வடிகால் மூடிக்காக இரண்டு கடிதமும் ஒரு தகவல் கோரிக்கையும் எழுதினோம். ஏழு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை இரண்டு தொழிலாளர்கள் வந்து, மூடியைக் கழற்றிக் குறுக்காகத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்கள். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. பக்கத்து ஒழுங்கையில் இன்னும் நான்கு மூடிகள் நீளவாக்கில் கிடக்கின்றன. அவற்றுக்கான கடிதத்தில் இதுவரை ஆறு கையொப்பம் சேர்ந்திருக்கிறது.